விகிதம் ஏறவில்லை, பில் ஏறுகிறது: டெல்லி வீடுகளின் கரண்ட், கேஸ் கணக்கு

மயூர் விஹார் ஃபேஸ் 3-இல் சொந்த ஃபிளாட்டில் இருக்கும் ஒருவர் கேட்டது இது: "டெல்லியில கரண்ட் ரேட்டை வருஷக்கணக்கா ஏத்தவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா என் பில் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ஏசி ஓட்டுற மாசத்துல 450 யூனிட் வருது, அவ்வளவுதான். மே மாசம் ஏதோ ஒரு நோட்டீஸ் வந்துச்சு, ஜூலையிலேருந்து லோடு 5-லேருந்து 6 கிலோவாட் ஆயிடுச்சு. பைப் கேஸ் பில்லும் இதே கதைதான். தப்பு எங்க நடக்குது?"

கணக்கில் தப்பு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. விகிதம் ஏறவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. உங்கள் பில் ஏறுகிறது என்பதும் உண்மை. பில்லில் நாம் எல்லோரும் பார்ப்பது "யூனிட்டுக்கு இவ்வளவு" என்ற ஒரு வரியைத்தான். ஏற்றம் முழுவதும் அதற்குக் கீழே உள்ள வரிகளில் நடக்கிறது. மின்கட்டணக் கணக்குகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டெல்லியில் கரண்டுக்கும் சரி, கேஸுக்கும் சரி, விலையை அப்படியே நிறுத்தி வைத்தார்கள் என்றால் அந்தச் செலவு காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது வேறு பெயரில், வேறு வரியில், சில சமயம் வட்டியோடு நம்மிடமே வருகிறது.

மேல் வரியிலிருந்து தொடங்கலாம். 2021 செப்டம்பரில் டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு முழுக் கட்டண ஆணை போட்டது. அதன் பிறகு வருஷக்கணக்கில் அடுத்த ஆணையே வரவில்லை. அந்த ஆணைப்படி வீட்டு இணைப்புக்கு முதல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 3 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 800 வரை 6.50, 801 முதல் 1,200 வரை 7, அதற்கு மேல் 8 ரூபாய். அந்த 3 ரூபாய் 2018-லிருந்தே அப்படியே இருக்கிறது. நாட்டின் பெரிய நகரங்களோடு ஒப்பிட்டால் இது நிஜமாகவே குறைந்த விகிதம்தான்.

உங்கள் 450 யூனிட்டை இதில் போட்டுப் பார்ப்போம். லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்அளவு, 5 கிலோவாட்டாக இருந்தபோது எவ்வளவு வந்திருக்கும்? முதல் 200-க்கு 600 ரூபாய், அடுத்த 200-க்கு 900, மிச்சம் 50-க்கு 325. ஆக 1,825. ஃபிக்ஸட் சார்ஜ் கிலோவாட்டுக்கு 50 ரூபாய் வீதம் 250. மொத்தம் 2,075. நீங்கள் மனக்கணக்குப் போட்டால் இங்கேதான் வந்து நிற்பீர்கள். பில் இங்கே நிற்பதில்லை. இந்த 2,075-இன் மேல் மின்கொள்முதல் சரிக்கட்டுக் கட்டணம் ஏறும். பில்லில் பிபிஏசி என்று இருக்குமே, அதுதான். கணக்குக்காக அதை 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 622 ரூபாய் 50 காசு. பிறகு 8 சதவீத சர்சார்ஜ், 166 ரூபாய். பிறகு பென்ஷன் டிரஸ்ட் சர்சார்ஜ் 7 சதவீதம், 145 ரூபாய் 25 காசு. இதுவரைக்கும் 3,008 ரூபாய் 75 காசு ஆகிவிட்டது. கடைசியில் 5 சதவீத மின்வரியும் சேர்ந்தால் 3,100-ஐத் தாண்டிவிடும். விகிதத்தில் ஒரு பைசா ஏறாமலே பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக நிற்கிறது.

இந்த நான்கில் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது பிபிஏசி. ஆணையம் கட்டண விகிதம் நிர்ணயிக்கும்போது, பகிர்மான நிறுவனங்கள் வருகிற வருஷம் என்ன விலைக்கு மின்சாரம் வாங்கும் என்று ஒரு மதிப்பு போடும். நிஜத்தில் வாங்கிய விலை அதைவிடக் கூடினால், அந்த வித்தியாசத்தைச் சதவீதமாக நம் பில்லில் வசூலித்துக்கொள்ளலாம். மதிப்பு வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டால் வித்தியாசம் சின்னதாக இருக்கும், பிபிஏசியும் ஒற்றை இலக்கத்தில் அடங்கும். மதிப்பு 2021-லேயே நின்றுவிட, நிலக்கரி, ரயில் கூலி, எரிவாயு எல்லாம் ஏறிக்கொண்டே போனால், இடைவெளி முழுவதையும் பிபிஏசிதான் சுமக்கும். 2024 கோடையில் டெல்லியின் மூன்று தனியார் பகிர்மான நிறுவனங்களிலும் அது 35 சதவீதத்தைத் தாண்டியது இதனால்தான். உண்மையில் அது கட்டண உயர்வேதான். ஆணை என்ற பெயரும், அறிவிப்பும், பேப்பரில் தலைப்புச் செய்தியும் இல்லாமல் வந்த உயர்வு.

வாங்குகிற விலை ஏன் ஏறுகிறது? டெல்லி தனக்கு வேண்டிய மின்சாரத்தில் மிகக் கொஞ்சத்தைத்தான் இங்கே தயாரிக்கிறது. ராஜ்காட் அனல் நிலையம் 2015-இல் நின்றது. பதர்பூர் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. காற்றுக்காக அது அவசியமான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மிச்சமிருக்கும் பவானா, பிரகதி நிலையங்கள் எரிவாயுவில் ஓடுபவை. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் தாத்ரி நிலையத்தில் எரியும் நிலக்கரிகூட ஜார்க்கண்ட் சுரங்கத்திலிருந்து ரயிலில் வருகிறது. இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்திய ரயில்வே பயணிகள் டிக்கெட்டில் படுகிற நஷ்டத்தைச் சரக்குக் கூலியில்தான் ஈடுகட்டுகிறது. சரக்கில் பெரும்பங்கு நிலக்கரி. ஆகவே நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் ஸ்லீப்பர் டிக்கெட் மலிவாக இருப்பதன் விலையில் ஒரு பகுதி, சுற்றிக்கொண்டு நம் கரண்ட் பில்லில் வந்து சேர்கிறது.

நிலக்கரி மீதான வரியும் அப்படித்தான். 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய்மை எரிசக்தி செஸ் 2016-க்குள் 400 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயை நீக்கினார்கள், கூடவே நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். 2022 வசந்தத்தில் வட இந்தியாவே கொதித்தபோது அனல் நிலையங்களில் நிலக்கரி இருப்பு கரைந்து, நிலக்கரி ரேக்குகளுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களை ரத்து செய்தது நினைவிருக்கும். அப்போது மத்திய மின்துறை அமைச்சகம், இறக்குமதி நிலக்கரியை 10 சதவீதம் கலந்து எரிக்கச் சொன்னது. உக்ரைன் போர் தொடங்கி உலகச் சந்தையில் நிலக்கரி உச்ச விலைக்குப் போயிருந்த நேரம் அது. அந்த விலை சில மாதங்கள் கழித்து நம் பிபிஏசியில் தெரிந்தது.

இன்னொரு செலவு நம் வாழ்க்கை முறையிலிருந்தே வருகிறது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட். குளிர்கால இரவுகளில் தேவை அதில் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த ஜூன் மாதப் பிற்பகலுக்காகவும் நள்ளிரவுக்காகவும் வருஷம் முழுவதும் கையிருப்பில் நிலையங்கள் இருக்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தங்களில் மின்நிலையத்துக்கு இரண்டு வகைப் பணம் கொடுக்கிறார்கள்: ஓடினால் எரிபொருள் செலவு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலையத்துக்கான கெப்பாசிட்டி சார்ஜ். ஜனவரியில் நீங்கள் ஏசியை மூடி வைத்திருக்கும்போதும் அந்த இரண்டாவது பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். நகரம் ஏசி வாங்க வாங்க கோடை உச்சத்துக்கும் குளிர்காலப் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி அகலும், யூனிட்டுக்கான சராசரிச் செலவும் ஏறும்.

அடுத்தது 8 சதவீத சர்சார்ஜ். இதன் கதைதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. பகிர்மான நிறுவனத்தின் நியாயமான செலவு என்று ஆணையமே ஒப்புக்கொண்ட தொகையை அந்த வருஷமே கட்டணத்தில் வசூலிக்க விடாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளி வைத்தால் அதற்கு ரெகுலேட்டரி அசெட் என்று பெயர். மளிகைக் கடையில் பாக்கி நோட்டு எழுதுகிற மாதிரிதான், ஆனால் இந்த நோட்டுக்கு வட்டி உண்டு. வட்டியும் நோட்டிலேயே ஏறும். டெல்லியின் மூன்று தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து இந்தப் பாக்கி சில வருஷங்களுக்கு முன்பே சுமார் 27,200 கோடி ரூபாயை எட்டிவிட்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கத்தான் 2012-லிருந்து 8 சதவீத சர்சார்ஜ் கட்டிக்கொண்டிருக்கிறோம். இத்தனை வருஷம் கட்டியும் மூட்டை இறங்கவில்லை என்றால் காரணம் வெளிப்படை: தீர்க்கிற வேகத்தைவிட வட்டியும் புதுப் பாக்கியும் ஏறுகிற வேகம் அதிகம்.

2025 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. பாக்கியை முடிவில்லாமல் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, காலவரையறை வைத்து வசூலித்துத் தீர்க்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு மாநில ஆணையமும் வழிமுறை வகுக்க வேண்டும் என்பது சாரம். அதோடு, இவ்வளவு பாக்கி சேர்ந்தும் வசூலிக்காமல் நிறுவனங்கள் எப்படித் தொடர்ந்து நடந்தன என்று கறாராகத் தணிக்கை செய்யவும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதியை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். 2015 அக்டோபரில் இந்த நிறுவனங்கள் மீதான சிஏஜி (நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நம் தலையில் வரப்போகும் ஒரு தொகை எப்படிச் சேர்ந்தது என்பதை வெளிப்படையாகப் பார்க்காமல் அதைக் கட்டச் சொல்வது நியாயமில்லை. அதே நேரம் "தனியார்காரன் கொள்ளை" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2002 ஜூலையில் அரசு மின்வாரியமான டெல்லி வித்யுத் போர்டைப் பிரித்துத் தனியாருக்குக் கொடுத்தபோது, திருட்டும் இழப்பும் வசூலாகாததும் சேர்ந்து ஐம்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்று அது ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்கிறது. அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் நம் பில் இதைவிடப் பயங்கரமாக இருந்திருக்கும்.

பென்ஷன் சர்சார்ஜும் அந்த 2002 பிரிவினையின் மிச்சம். பழைய போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதிய நிதியில் பணம் போதாமல், அதை நுகர்வோரிடம் வசூலிக்க முடிவெடுத்தார்கள். 2018-இல் 3.8 சதவீதம், 2020-இல் 5, 2021-இல் 7. அந்த முதியவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் குறை வைக்கவே கூடாது. ஆனால் போர்டைப் பிரித்தது அரசு, அந்த நிதிக்குப் பொறுப்பும் அரசின் பட்ஜெட்டில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்வரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாநகராட்சிக்குப் போகிறது, விகிதம் மாறுவதில்லை, அடித்தொகை ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு நேரடியாக வருகிறேன். டெல்லி அரசின் மானியத்தில் இரண்டு விளிம்புகள் இருக்கின்றன. மாதம் 200 யூனிட் வரை பில் பூஜ்யம். 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. 5 கிலோவாட் லோடில் மேலே சொன்ன அதே சதவீதங்களைப் போட்டால், 200 யூனிட் எரித்த வீடு எதுவும் கட்ட வேண்டாம், 201 எரித்த வீடு 600-க்கு மேல் கட்டும். 400 எரித்த வீட்டுக்கு மானியம் போக ஏறக்குறைய 1,830. ஒரு யூனிட் கூடி 401 ஆனால் 2,640. நீங்கள் கோடையில் 450-இல் நிற்கிறீர்கள் என்றால், விளிம்பைத் தாண்டி 50 யூனிட்தான் போயிருக்கிறீர்கள். அந்த 50-இன் விலை உங்களுக்கு 325 ரூபாய் அல்ல, சர்சார்ஜும் இழந்த மானியமும் சேர்த்து 1,270 ரூபாய்க்கு மேல். ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி ஒரு ராத்திரிக்கு 8 முதல் 10 யூனிட் இழுக்கும். மாதத்தில் ஏழெட்டு ராத்திரியை ஏர்கூலரில் சமாளித்தாலே நீங்கள் 400-க்குள் வந்துவிடுவீர்கள்.

நம் வீடுகளில் கரண்ட் பில் ஏறினால் உடனே கிரைண்டரையும் மிக்ஸியையும் குறை சொல்வார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை இட்லி மாவு அரைத்தால் கிரைண்டருக்கு மாதத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. சட்னிக்கு மிக்ஸி ஓடுவதும் அப்படித்தான். மாவை நிம்மதியாக அரையுங்கள். கோடையில் ஏசி, குளிர்காலத்தில் கீசர், இந்த இரண்டைத் தவிர மற்றதை விரட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. 2 கிலோவாட் கீசரை நிறுத்த மறந்து வேலைக்குப் போய்விடுவதுதான் ஜனவரி பில்லின் பெரிய ஓட்டை. "மீட்டர் வேகமா ஓடுது" என்ற சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் கேஸில் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

அந்த மே மாத நோட்டீஸை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கப்பட்டது என்பதை மீட்டர் மாதாமாதம் குறித்துக்கொள்ளும். பில்லில் எம்டிஐ என்று இருப்பது அந்த எண். போன நிதியாண்டில் தொடர்ந்த நான்கு மாதங்களின் உச்ச எம்டிஐ சராசரி உங்கள் லோடைத் தாண்டினால், மே முடிவுக்குள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஜூலை 1 முதல் லோடை உயர்த்தலாம் என்று விதி. 5-லிருந்து 6 ஆனது ஒரே ஒரு கிலோவாட்தானே என்று தோன்றும். ஆனால் 2-க்கு மேல் 5 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 50 ரூபாய், 5-ஐத் தாண்டினால் எல்லாக் கிலோவாட்டுக்கும் 100 ரூபாய். 250 ஆக இருந்த ஃபிக்ஸட் சார்ஜ் 600 ஆகிவிட்டது. கூடுதலாக வந்த 350 ரூபாயின் மேல் பிபிஏசியும் இரண்டு சர்சார்ஜும் ஏறி அது 500-ஐத் தாண்டும். நவம்பரில் ஒரு நாள்கூட ஏசி போடாமல் இருந்தாலும், அந்த மாதப் பில் போன வருஷ நவம்பரைவிடக் கூடுதலாக வருவது இதனால்தான்.

பழைய பில்களை எடுத்து எம்டிஐ எந்த மாதங்களில் 5-ஐத் தாண்டியது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஏசியும் கீசரோ இஸ்திரிப் பெட்டியோ ஒரே நேரத்தில் ஓடிய மாதங்களாக இருக்கும். யூனிட்டைக் குறைக்காமலே, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் போட்டால் எம்டிஐ இறங்கும். இறங்கியதும் லோடைக் குறைக்க விண்ணப்பம் கொடுங்கள். குறைப்பு தானாக நடந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் சொந்த வீட்டுக்காரர், மீட்டர் உங்கள் பெயரில். வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இதைவிட மோசம். ஓல்ட் ராஜேந்தர் நகர், கரோல் பாக், முகர்ஜி நகர் பக்கம் ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்க வருகிற நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மாடிக்கு ஒரே மீட்டர், அறைக்கு அறை சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 அல்லது 10 ரூபாய், ரசீது கிடையாது. அறைக்குள் ஒரு பிள்ளை மாதம் 80 யூனிட் எரிக்கிறது. தனி மீட்டர் இருந்தால் பூஜ்யம் கட்ட வேண்டிய பிள்ளை 800 ரூபாய் கொடுக்கிறது. நான்கைந்து அறைகளின் யூனிட் ஒரே மீட்டரில் சேர்வதால் மானிய விளிம்பைத் தாண்டிவிடுகிறது, சலுகை யாருக்குமே இல்லாமல் போகிறது. வாடகைதாரர் பெயரில் ப்ரீபெய்டு மீட்டர் வாங்கிக்கொள்ள 2019-லேயே டெல்லி அரசு திட்டம் கொண்டுவந்தது. வீட்டு உரிமையாளரின் தடையில்லாச் சான்று வேண்டாம், வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று சொன்னார்கள். ஆனால் ஒப்பந்தமே எழுதித் தராத வீட்டில் அந்தப் பிள்ளை எதைக் காட்டும்? வெளியூரிலிருந்து பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் அறை பார்க்கும்போதே வாடகையோடு சேர்த்து மீட்டரைப் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேஸுக்கு வருவோம். குழாயில் வரும் எரிவாயுவுக்கு அடிப்படை, ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா நிறுவனங்களின் பழைய வயல்களில் எடுக்கும் வாயு. அடுப்புக்கும் சிஎன்ஜி வண்டிக்கும் முன்னுரிமையாகக் கொடுப்பது இதைத்தான். நம் நாட்டு மண்ணிலிருந்து வந்தாலும் அதன் விலையை 2014-லிருந்து அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யச் சந்தை விலைகளின் சராசரியை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயித்தார்கள். 2020 அக்டோபரில் ஒரு மில்லியன் பிடியூவுக்கு (வாயுவின் வெப்ப அளவை வைத்து விலை போடும் அலகு) 1.79 டாலராக இருந்தது, 2022 ஏப்ரலில் 6.10, அதே ஆண்டு அக்டோபரில் 8.57. டெல்லியில் 2021 தொடக்கத்தில் ஒரு கனமீட்டர் 30 ரூபாய்க்கும் கீழே இருந்த பைப் கேஸ், 2022 அக்டோபரில் 53 ரூபாய் 59 காசுக்கு வந்தது. வயல் நம்முடையது, எடுக்கும் செலவு அதேதான், விலை மட்டும் ஐரோப்பாவின் போருக்குப் பதில் சொன்னது.

2023 ஏப்ரலில், மத்திய அரசு அமைத்த கிரித் பாரிக் குழுவின் பரிந்துரைப்படி முறையை மாற்றினார்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், ஆனால் 4 டாலருக்குக் குறையாமல் 6.50 டாலருக்கு மேல் போகாமல். அப்போது டெல்லி விலை 48 ரூபாய் 59 காசுக்கு இறங்கியது. அந்த உச்சவரம்பு இரண்டு வருஷத்துக்கு அப்படியே, பிறகு வருஷத்துக்கு 25 சென்ட் கூடும் என்றும் அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அது 6.75 ஆனது. ஆகவே பைப் கேஸில் மெதுவான ஏற்றம் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. டாலரில் போடும் விலை என்பதால் ரூபாய் சரிந்தாலும் ஏறும். 2014-இல் 60 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2025-இல் 85-ஐத் தாண்டியது. எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வராததால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. யமுனைக்கு அந்தப் பக்கம் நொய்டாவில் இருக்கும் உங்கள் உறவினர் வேறு விலை சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வரும்போது ரீடிங் எடுக்காமல் உத்தேசமாகப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மீட்டரைப் படம் எடுத்து நீங்களே ரீடிங் அனுப்ப வசதி இருக்கிறது.

சிலிண்டர் வைத்திருப்பவர்களின் கதை கரண்டின் பாக்கி நோட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. நம் எல்பிஜியில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. சவுதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலைதான் அளவுகோல். 2020 நடுவில் டெல்லியில் 14.2 கிலோ சிலிண்டர் 594 ரூபாய். கொரோனா காலத்தில் உலக விலை விழுந்திருந்தது, அதைச் சாக்காக வைத்து வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. விலை திரும்ப ஏறியபோது மானியம் திரும்ப வரவில்லை. 2023 மார்ச்சில் 1,103. தேர்தல் காலம் நெருங்க 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைந்து 903, 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்து 803, தேர்தலெல்லாம் முடிந்து 2025 ஏப்ரலில் 50 ஏறி 853. விற்கும் விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலான நஷ்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் சுமந்தன. அதற்கு ஈடாக மத்திய அரசு 2022 அக்டோபரில் 22,000 கோடியும், 2025 ஆகஸ்டில் 30,000 கோடியும் கொடுக்க முடிவெடுத்தது. சிலிண்டர்காரரிடம் கட்டாத பணத்தை வரியாகக் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். ஏழை வீடுகளுக்கு இதில் நிஜமான நன்மை உண்டு, உஜ்வாலா திட்டத்தில் அவர்களுக்குச் சிலிண்டருக்குக் கொடுக்கும் 300 ரூபாயை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் சேர்த்து விலையை அமுக்கி வைப்பது வேறு, இல்லாதவருக்கு நேராகக் கொடுப்பது வேறு.

"கேஸை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாமா" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கனமீட்டர் கேஸ் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 7 யூனிட்டில் செய்யும். உங்களைப் போல 400-க்கு மேல் எரிக்கும் வீட்டில் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் எல்லாம் சேர்த்து 9 ரூபாய்க்கு மேல், ஆகவே 66 ரூபாய்க்கு மேல் ஆகும். கேஸ் 50 ரூபாயை ஒட்டி இருக்கும்வரை அது நஷ்டம். குளிர்காலத்தில் 200-க்குள் இருக்கும் சிறிய குடும்பத்துக்கோ அந்த 7 யூனிட் இலவசம். ஆகவே மாதத்துக்கு மாதம் பதில் மாறும்.

மொட்டைமாடி உங்கள் கையில் இருந்தால் சோலார் பற்றி யோசியுங்கள். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், டெல்லி அரசு தன் பங்குக்கு 30,000 சேர்க்கிறது. ஃபிளாட்டுகளில் மாடி யாருக்குச் சொந்தம் என்ற பஞ்சாயத்தில்தான் இது நின்றுவிடுகிறது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

சங்கம் என்றதும் இன்னொன்று. 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, கட்டண மனு வந்தால் ஆணையம் அதைப் பொதுவெளியில் வைத்து மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் ஆணை போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ரெகுலேட்டரி அசெட் வசூலுக்கு டெல்லி ஆணையம் வழி வகுக்கும்போது நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன: உச்ச நீதிமன்றம் சொன்ன தணிக்கை முதலில் வரட்டும், வசூல் அதன் பிறகு. பாக்கியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பில்லிலேயே தனித்தனியாக அச்சிடட்டும். பென்ஷன் நிதியை அரசு பட்ஜெட்டுக்கு மாற்றட்டும். கட்டண ஆணை வருஷா வருஷம் வரட்டும், அப்போதுதான் பிபிஏசி அதன் அளவில் அடங்கும். மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் ஜனக்புரியிலும் இருக்கும் நம்மவர்கள் ஓய்வு பெற்ற அக்கவுண்டன்ட்களாகவும் ஆடிட்டர்களாகவும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த மனுக்களின் கணக்குப் பட்டியல்களைப் படித்து ஒரு பக்கக் கடிதம் எழுத அவர்களால் முடியும். உங்கள் சங்கத்தில் அப்படி ஒருவரைப் பிடியுங்கள். கூடவே கடைசி பன்னிரண்டு மாத பில்களில் பிபிஏசி சதவீதமும் எம்டிஐயும் என்ன என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். லோடு குறைப்பு விண்ணப்பத்துக்கும் அதே தாள் உதவும்.